சேலத்துப் பேட்டைகளை நடந்து பார்க்க: எந்த வழி, எந்த மணி

சேலத்தில் இரண்டு நாள் தங்கப் போகிறோம், கோட்டை, டவுன், செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை ஆகிய பழைய பகுதிகளை ஒரே சுற்றாக நடந்து பார்த்துவிட முடியுமா, கூட அறுபது தாண்டிய பெற்றோரும் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் ஒரே சுற்றாகப் போட வேண்டாம். ஐந்தையும் கோத்தால் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான் வரும், அது பெரிய தூரமில்லை. சிக்கல் மணிக்கணக்கில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரின் மொத்த வியாபார மண்டிகளில் மூட்டை இறங்குவது காலையில். கோயில்கள் மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் திறக்க நாலு மணி ஆகும். கொலுசுப் பட்டறையில் பத்து மணிக்கு மேல்தான் அடுப்பு சூடாகும். தட்டுவடை செட் கடைக்காரர் சாயங்காலம்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். எட்டு மணிக்குக் கிளம்பி வரிசையாக நடந்தால் பாதி இடத்தில் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். அதனால் மூன்று நடைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: விடிகாலையில் கோட்டையும் டவுனும், இன்னொரு காலை செவ்வாய்ப்பேட்டையும் குகையும், ஒரு மாலை அம்மாபேட்டை. நடுவில் பார்க்க ஒன்றுமில்லாத நெடுஞ்சாலைத் துண்டுகளுக்கு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ போதும். எல்லாவற்றையும் காலால்தான் அளப்பேன் என்று வீம்பு பிடித்தால், களைத்துப்போவது வெறும் தார் ரோட்டில்தான்.

முதலில் ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவே திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து, ஊருக்குள் புகுந்து, தெற்கே இறங்கிப் போய்க் கடைசியில் காவிரியில் சேர்கிறது. மேற்குக் கரையில் கோட்டை, அதற்கும் அப்பால் செவ்வாய்ப்பேட்டை. கிழக்கே அக்ரஹாரங்களும் கடைவீதியும். சேலத்துக்காரர்கள் 'டவுன்' என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள். இன்னும் கிழக்கே போனால் அம்மாபேட்டை, தெற்கே குகை. திசை தெரியாமல் சந்துக்குள் மாட்டிக்கொண்டால் செல்போனைத் தேடுவதற்கு முன் தலையை நிமிர்த்துங்கள். நாலு பக்கமும் மலை இருக்கும் ஊர் இது. பெரிய நீண்ட சுவராகத் தெரிவது சேர்வராயன் மலை, அது வடக்கு. எதிர்ப்பக்கம் ஜருகுமலை, அது தெற்கு. மேற்கே கஞ்சமலை. சந்து முனையில் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும்.

தெருப் பெயர்களும் வழி சொல்லும். லைன்மேடு, நெத்திமேடு என்று 'மேடு' வரும் இடங்கள் உயரம். 'இறக்கம்' என்றால் ஆற்றுப் பக்கம் சரிகிறது என்று அர்த்தம். மழை நாளில் இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. ஒரு மணி நேரம் கொட்டினால் இறக்கங்களில் முழங்கால் வரை சாக்கடை கலந்த தண்ணீர் நிற்கும். அப்போது மேட்டுத் தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போக வேண்டும்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சேலத்தில் மூன்று ஸ்டேஷன்கள் உங்களைக் குழப்பும். எல்லா ரயிலும் நிற்கும் சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில், பழைய ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குக் குறையாது. சேலம் மார்க்கெட், சேலம் டவுன் என்ற இரண்டும் விருத்தாசலம் பாதையில் இருக்கின்றன; முன்னது செவ்வாய்ப்பேட்டையை ஒட்டியது, பின்னது டவுனை ஒட்டியது. இடம் வசதி, ரயில்தான் குறைவு. உங்கள் ரயில் அந்தப் பாதையில் வந்தால் டவுனில் இறங்கிவிடுங்கள். ஜங்ஷனில் இறங்கினால் பழைய பஸ் நிலையம் போகும் டவுன் பஸ். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை, அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள்.

முதல் நடை: கோட்டையும் டவுனும்

ஆரம்பம் பழைய பஸ் நிலையம். இப்போது ஈரடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். கழிப்பறை, தண்ணீர் பாட்டில், டீ மூன்றையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு நம்பிப் போகும்படியான பொதுக் கழிப்பறை வழியில் எளிதில் கிடைக்காது. ஆறரை மணிக்குக் கிளம்புவது நல்லது. மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை வருகிறீர்கள் என்றால் ஆறு. ஒன்பதரைக்கு மேல் இந்த ஊர் வெயில் தலையில் உட்கார்ந்துவிடும்.

கோட்டைக்குப் போகிறோம் என்றதும் மதிலையும் அகழியையும் தேடாதீர்கள். பெயர்தான் மிச்சம். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரமான பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக வந்தார். கோட்டை இருந்த வட்டாரம் பிறகு ஆஸ்பத்திரியும் நகராட்சியுமாக மாறிவிட்டது. 1866-ல் தொடங்கிய நகராட்சி இது, 1917 முதல் 1919 வரை ராஜாஜி தலைவராக இருந்தார், 1994-ல் மாநகராட்சியானது. மாநகராட்சி அலுவலகம் இன்றும் கோட்டையில்தான்.

கோட்டை மாரியம்மனை முதலில் பாருங்கள். சேலத்தில் எட்டுப் பேட்டைக்கும் தனித்தனி மாரியம்மன் உண்டு, எல்லோருக்கும் மூத்தவள் இவள் என்பது ஊர்க் கணக்கு. ஊரின் பழைய வரைபடமே இந்த எட்டு கோயில்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை: எந்தப் பேட்டைக்குள் நுழைந்தாலும் "இங்க மாரியம்மன் கோயில் எங்கங்க?" என்று கேளுங்கள், அதுதான் அந்தப் பேட்டையின் நடு. செவ்வாய், வெள்ளியில் கூட்டம் நெருக்கும். மற்ற நாள் காலை என்றால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோட்டை அழகிரிநாதர் கோயில். பெருமாள் அழகிரிநாதர், தாயார் சுந்தரவல்லி. ஆட்டோக்காரரிடம் அழகிரிநாதர் என்று சொன்னால் ஒரு நொடி யோசிப்பார், 'கோட்டைப் பெருமாள் கோயில்' என்றால் உடனே தலையாட்டுவார். வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் இந்தப் பக்கம் நடைத் திட்டமே போடாதீர்கள். சொர்க்கவாசல் வரிசை நடுராத்திரியிலேயே தெருவை அடைத்துவிடும்.

கோட்டையிலிருந்து டவுனுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டும். கரையில் ஜாமியா மசூதி இருக்கிறது. திப்பு சுல்தான் இங்கே தொழுததாக ஊரில் சொல்வார்கள். பாலத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்: நாற்றம் அடிக்கும். சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் கலந்துதான் ஆறு ஓடுகிறது. மழைக்குப் பிறகு நுரை மேடு மேடாகத் தள்ளிக்கொண்டு போகும். முத்து கிடைத்த ஆறு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள், பெரியவர்கள் பாலத்தில் நின்று அந்தக் கதையை ஆரம்பித்தால் அந்தப் பக்கம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். பாலத்தில் நடைமேடையை நம்ப முடியாது, வண்டிகள் நிற்கும். எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலது ஓரமாக, ஒற்றை வரிசையில் போங்கள்.

தாண்டினால் சுகவனேஸ்வரர். சுகர் கிளி உருவில் வழிபட்ட இடம், கிளிவனம் என்பது தலபுராணம். அம்மன் சொர்ணாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களில் ஒன்று. பாரி மகளிருக்கு அவ்வை மணம் முடித்து வைத்த கதையைச் சேலத்துக்காரர்கள் இந்தக் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். முழு நடையில் நிதானமாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் உட்காரவும் நிழல் கிடைக்கும். பிரகாரக் கல் ஒன்பது மணிக்கு மேல் சுடும். காலைச் சுட்டுக்கொண்ட பிறகு யாருக்கும் நடக்க மனம் வராது. அதனால்தான் விடிகாலை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்னொன்று, இந்த நடைக்கு ஷூவும் சாக்ஸும் வேண்டாம். நாலைந்து இடத்தில் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். வார் வைத்த செருப்பு சரி. புத்தம் புதிய செருப்பு என்றால் காப்பகத்தில் விட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிமேல் வழியை நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, தேர் ஏற்கெனவே சொல்லிவிட்டது. வைகாசி விசாகத்தை ஒட்டித் தேர் ஓடும் வீதிகள்தான் டவுனில் நடக்கச் சிறந்த சுற்று. காரணம் பக்தியோடு நிற்பதில்லை. தேர் திரும்ப முனை அகலமாக இருக்க வேண்டும், சக்கரம் உருளத் தரை சமமாக இருக்க வேண்டும், மேலே ஒயர் தாழ்ந்து தொங்கக் கூடாது. அந்த வசதி எல்லாம் இன்றைக்கு நடப்பவனுக்கும் உதவுகிறது. ராஜகணபதி கோயில் பக்கத்துத் தேர்நிலையில் தொடங்கி, அக்ரஹாரம், பட்டைக்கோயில், சின்னக்கடை வீதி, பெரிய கடைவீதி என்று சுற்றி மறுபடி ராஜகணபதிக்கே வந்துவிடலாம். நிற்காமல் நடந்தால் முக்கால் மணி. பார்த்துக்கொண்டு நடந்தால் ஒன்றரை.

அக்ரஹாரம் என்றதும் திண்ணை வைத்த வீட்டு வரிசையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். முதல் அக்ரஹாரம் ஜவுளிக்கடை, நகைக்கடைத் தெருவாகிப் பல காலம் ஆகிறது. ஆனால் கடைகள் திறக்குமுன், ஷட்டர் இறங்கியிருக்கும் நேரத்தில் வந்தால் மாடியைப் பார்க்க முடியும். பகலில் விளம்பரப் பலகையும் கூட்டமும் கண்ணைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எட்டு மணிக்கு எதிர் ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள்: பழைய மரக் கைப்பிடி, ஓடு வேய்ந்த சரிவு, சுண்ணாம்புப் பூவேலை என்று அங்கங்கே தப்பிப் பிழைத்தது தெரியும். சந்துகளில் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். பட்டைக்கோயில் என்பது பிரசன்ன வரதராஜப் பெருமாள் கோயில். பஸ்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் அது ஒரு ஸ்டாப்பின் பெயர். அம்மாபேட்டைக்குப் பிரியும் இடமும் இதுதான், மூன்றாம் நடைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக்கடை வீதிக்கு எட்டரைக்குள் வந்துவிட்டால் பூவும் பழமும் காய்கறியும் வாங்குகிற கூட்டத்தோடு போகலாம். மே, ஜூனில் மாம்பழம்தான் வீதியே. மல்கோவா கேட்டு வாங்குங்கள். காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் மணம் வர வேண்டும். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து மணமே இல்லை என்றால் அது கல்லோ மருந்தோ வைத்துப் பழுக்க வைத்தது. அங்கிருந்து வ.உ.சி. மார்க்கெட் பக்கமாகப் பழைய பஸ் நிலையம் திரும்பினால் சுற்று முடிந்தது. மொத்தம் நாலு கிலோமீட்டருக்குள், மூன்று மணி நேரம்.

பெற்றோருக்கு இந்த ஒரு நடை போதும். இதை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொண்டால் கடைவீதி காலியாக இருக்கும். அதே ஞாயிறு மாலை, அதுவும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம், கடைவீதியில் நடை என்பது தோளோடு தோள் உரசி நகர்வதுதான்.

இரண்டாம் நடை: செவ்வாய்ப்பேட்டையும் குகையும்

இது வார நாளில்தான். ஞாயிறன்று மண்டிகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். பழைய பஸ் நிலையத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர்; அந்தத் துண்டில் பார்க்க எதுவுமில்லை, ஆட்டோவில் போய் லீ பஜார் முனையில் இறங்குங்கள்.

பேட்டை என்றால் சந்தை கூடும் இடம். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பெயர். கிழமைச் சந்தை போய், எல்லா நாளும் மண்டி ஆகிவிட்டது. லீ பஜாரில் பருப்பு, மிளகாய், அரிசி, எண்ணெய், வெல்லம் எல்லாம் மொத்தத்தில். எட்டிலிருந்து பத்து வரை லாரி இறக்கும் நேரம். முதுகில் மூட்டை ஏற்றியவர் வேகமாக வருவார், குனிந்த தலை எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது. "ஓரம், ஓரம்" என்ற குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே சுவர் ஓரம் ஒதுங்க வேண்டும். போட்டோ எடுக்க வழி நடுவில் நிற்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. மிளகாய் மண்டி வாசலில் தும்மல் நிச்சயம்; ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வரிசையைத் தவிர்த்துவிடலாம்.

மூலப்பிள்ளையார் கோயில் வட்டாரத்தில் வெல்ல மண்டிகள். வெல்லம் சிப்பமாகத்தான் கைமாறும், சிப்பம் 30 கிலோ. அரைக் கிலோ கேட்டால் சிரிப்பார்கள், பக்கத்துச் சில்லறைக் கடையில் வாங்கலாம். பார்த்து வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள்: பளிச்சென்று வெளிர் மஞ்சளாக மின்னும் வெல்லத்துக்கு நிறத்துக்காக ஏதோ சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பாக, உடைத்தால் உள்ளே கொஞ்சம் மணல் மணலாக இருப்பது மேல். பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரம் இந்தத் தெருக்களில் வண்டி நுழையாது, நடப்பவன் மட்டும்தான் நுழைவான்.

பத்து மணி ஆனதும் மண்டியை விட்டுக் கொலுசுப் பக்கம் வாருங்கள். தமிழ்நாட்டுக் காலில் கிடக்கும் கொலுசில் பெரும்பங்குக்குச் சேலமும் சுற்று வட்டாரமும்தான் ஊர். கடைகள் மெயின் ரோட்டில், பட்டறைகள் சந்துகளிலும் வீடுகளிலும். வாசலில் நின்று, "கொஞ்ச நேரம் பாக்கலாங்களா?" என்று கேட்டால் பல இடங்களில் சரி என்பார்கள். செல்போனை மட்டும் பையில் வையுங்கள். புது டிசைன் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானது.

பார்க்க வேண்டியது இது. வெள்ளியை உருக்கிக் கட்டியாக வார்த்து, கம்பியாக இழுக்கிறார்கள். தகட்டில் துளைகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக நுழைத்து இழுக்க இழுக்கக் கம்பி மெலியும். நடுவில் சூடு காட்டி இளக்காவிட்டால் கம்பி முறிந்துவிடும். மெலிந்த கம்பியைச் சுற்றி நறுக்கினால் கண்ணி. கண்ணிகளைக் கோத்து, வெங்காரம் தடவி, பொடி தூவி, ஊதித் தீயால் பற்றவைப்பார்கள். பொடி என்பது வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலவை. தீ ஒரு நொடி கூடினால் கண்ணியே உருகி ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் பற்று நிற்காமல் ஒரு மாதத்தில் கொலுசு அறுந்து வரும். பிறகு சலங்கை, பூட்டு, திருகு, கடைசியில் மெருகு. ஒரு ஜோடி பல கை மாறும்: கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பவர் வேறு, சலங்கை வைப்பது இன்னொரு வீட்டில். அதனால் ஒரே பட்டறையில் முழு வேலையையும் பார்க்க முடியாது. இரண்டு, மூன்று வாசல் ஏற வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் எடைக்கு முன்னால் "எத்தனை டச்?" என்று கேளுங்கள். நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பதன் தொழில் சொல் அது. டச் குறைந்த கொலுசு பளபளப்பாகவே இருக்கும், மாற்றப் போகும்போதுதான் தெரியும். கூலி தனி, சேதாரம் தனி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். டச்சும் பில்லில் ஏற வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மறு வருஷம் மதிப்பில்லை.

செவ்வாய்ப்பேட்டையை விட்டுப் போகுமுன் ஒரு பழைய வழக்கு. 1882-ல் இந்தப் பேட்டையில் மசூதி வழியாக ஊர்வலம் போவது பற்றிய தகராறு கலவரமாக வெடித்தது. அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மீதும் வழக்கு பாய்ந்து தண்டனை ஆயிற்று. உயர் நீதிமன்றம் வரை போய் விடுதலை பெற்று வந்தார். 1920-ல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்த சேலம் விஜயராகவாச்சாரியார் இவர்தான். இந்தச் சந்துகள் எவ்வளவு குறுகல் என்று நடந்து பார்த்தவருக்கு, ஊர்வல வழி ஏன் அவ்வளவு பெரிய விஷயமானது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

குகைக்கு இங்கிருந்து சந்தைப்பேட்டைப் பக்கமாக நடக்கலாம், அரை மணிக்குள். செல்போன் மேப் உங்களைப் பெரிய ரோட்டுக்குத் தள்ளப் பார்க்கும். அது வண்டிக்கான வழி, சுற்று. "மூங்கப்பாடி தெருவுக்கு எப்படிப் போறதுங்க?" என்று கேட்டுக்கொண்டே போனால் உள் வழியாக வந்துவிடலாம். குகையில் புலிகுத்தித் தெருவின் பெயரை நின்று படியுங்கள். புலியோடு போராடி மாண்டவனுக்கு நட்ட நடுகல்லைப் புலிகுத்திக் கல் என்பார்கள். கொங்குச் சீமையிலும் சேலத்துப் பக்கத்திலும் இந்தக் கற்கள் உண்டு. இன்று புலி இருந்த சுவடே இல்லை, பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

குகையைப் பகலில் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும், அரை மணி போதும். குகைக்கென்று ஒரு நேரம் உண்டு, அது ஆடி. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காக ஒரு புதன்கிழமை சேலம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பத்து நாளுக்குள் வரும். அந்த வாரத்து இரவுகளில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை. அலங்கரித்த வண்டிகளில் தேவர்களும் அசுரர்களும் புராணக் காட்சிகளுமாக ஆட்கள் வேஷம் கட்டி அசையாமல் நிற்பார்கள், வண்டி நகர்ந்து போகும். அதைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் மேலே சொன்ன நடைத்திட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். மாலை ஐந்துக்குள் ஏதாவது ஒரு திண்ணையிலோ கடைப் படியிலோ இடம் பிடித்துவிட வேண்டும். ஏழுக்கு மேல் நுழைந்தால் தலைகள்தான் தெரியும். அன்று பஸ்கள் மாற்று வழியில் ஓடும். திரும்பும் வழியை வரும்போதே கேட்டு வையுங்கள்.

குகையிலிருந்து திரும்ப திருச்சி மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறுங்கள். அந்த ரோட்டில் நடக்க வேண்டாம், புகையும் ஹாரனும்தான்.

மூன்றாம் நடை: அம்மாபேட்டை, மாலையில்

மூன்று மணி வாக்கில் பட்டைக்கோயிலிலிருந்து பஸ்ஸில் அம்மாபேட்டை. பாதையோரத்தில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தால் போதும், தறி தானாகக் கூப்பிடும். ஆனால் எந்தத் தறி என்று பிரித்துக் கேட்கப் பழகுங்கள். விடாமல் கடகடவென்று ஒரே சீராக அடித்தால் விசைத்தறி. 'டக்... டக்' என்று நடுவில் மூச்சு விட்டு, சில நேரம் நின்று, மறுபடி தொடர்ந்தால் கைத்தறி. இரண்டாவது ஓசை குறைந்துகொண்டே வருகிறது, கேட்டால் அந்தச் சந்துக்குள் திரும்பிவிடுங்கள்.

உள்ளே குழித்தறி. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். ஒரு மிதியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், இரண்டாகப் பிரியும், அந்த வாயில் நாடா என்ற ஓடக்கட்டை குறுக்கு இழையான ஊடையை இழுத்துக்கொண்டு பாயும், அச்சு என்ற சீப்பு வந்து நெருக்கும். பாவு இழை ஒன்று அறுந்தாலும் ஓசை மாறும். நெய்பவர் கண்ணால் தேடுவதற்கு முன் கை நின்றுவிடும். அறுந்ததைக் கவனிக்காமல் ஒரு சாண் ஓடிவிட்டால் துணி நெடுகக் கோடு விழும், அதைப் பிரிக்க அரை நாள். அதனால் அவர் நெய்துகொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் தார் சுற்றுகிற, அதாவது ஊடை நூலைக் குழலில் சுற்றுகிற அம்மாவிடம் கேளுங்கள், அவர் எல்லாம் சொல்வார். சேலம் வெண்பட்டு என்று பெயர் பெற்ற வெள்ளைப் பட்டு வேட்டிதான் இந்த ஊரின் முகவரி. சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று நாலு மொழியும் இந்தத் தொழிலுக்குள் புழங்குகிறது.

ஊருக்குள் 'பாவடி' என்ற சொல்லை எங்கே கண்டாலும் அது பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைத்த திறந்த வெளியாக இருந்திருக்கும். பள்ளிக்கூடப் பெயரில்கூட ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அமாவாசையன்று போகாதீர்கள், அன்று தறியில் உட்காராதது பழைய வழக்கம், இன்னும் பல வீடுகளில் உண்டு. அடைமழை நாளிலும் தறி ஓடாது: குழிக்குள் ஈரம் ஏறும், இழை தொய்யும்.

ஐந்து மணி ஆகிவிட்டால் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், கூடவே பச்சைச் சட்னியும் பூண்டு போட்ட சிவப்புச் சட்னியும். வாங்கிய கையோடு வாயில் போட வேண்டும், முழுசாக. பார்சல் வாங்கினால் பத்து நிமிடத்தில் நமத்துப்போகும், பிறகு சேலத்துச் சரக்கு இவ்வளவுதானா என்று ஊரைக் குறை சொல்வீர்கள். காரம் வேண்டாதவர்கள் முதலிலேயே "சிவப்புச் சட்னி கம்மியா" என்று சொல்லிவிடுங்கள், கை பழக்கத்தில் அள்ளிவிடும்.

வெளிச்சம் மிச்சமிருந்தால் அந்தப் பக்கமே குமரகிரி. குன்றின்மேல் முருகன், ஏறப் படி. வெயில் தாழ்ந்த பிறகுதான் ஏற வேண்டும், படிக்கல் சூடு இறங்க ஐந்தரை ஆகும். மேலே நின்றால் இரண்டு நாள் நடந்த இடமெல்லாம் ஒரே விரிப்பில் கிடக்கும்: மேற்கே டவுனின் நெருக்கமான கூரைகள், வடக்கே சேர்வராயன். பெற்றோரில் யாருக்காவது முட்டிவலி இருந்தால் அடிவாரத்திலேயே இருக்கட்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பிடிக்கும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். அம்மாபேட்டையிலிருந்து பழைய பஸ் நிலையத்துக்கு ராத்திரி வரை பஸ் உண்டு.